761 ஆண்டு வாய்தா

புனேயில் 1966 ஏப்ரல் 28 அன்று ஓர் உரிமையியல் வழக்கில் தீர்ப்பு சொன்னார்கள். பாலாசாகேப் பட்லோஜி தோரட் வென்றார். வழக்கைத் தொடுத்தவர் அவர் இல்லை. அவருடைய மூதாதை மாலோஜி தோரட். தொடுத்த ஆண்டு 1205. ஊர்ப் பொதுச் சடங்குகளுக்கு யார் தலைமை தாங்குவது, திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதுதான் பிணக்கு. உலகத்திலேயே அதிக காலம் நடந்த வழக்கு என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் இதைப் பதிவு செய்தது.

1205-இல் சோழ நாட்டை மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். புனே வட்டாரம் தேவகிரி யாதவர்கள் கையில் இருந்தது. அதன்பின் டெல்லி சுல்தான்கள் வந்தார்கள், பாமனிகள் வந்தார்கள், நிஜாம்ஷாகியும் ஆதில்ஷாகியும் வந்தன, சிவாஜியும் பேஷ்வாக்களும் ஆண்டார்கள், 1818-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுழைந்தது, 1947-இல் அதன் வாரிசுகளும் போனார்கள். 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால் 30 தலைமுறை.

ஒரே கோப்பு 761 ஆண்டும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது என்று யாரும் எண்ணத் தேவையில்லை. தக்காணத்தில் ஊர்த் தலைவரான பாட்டீலின் பதவியும் அதனோடு வரும் மானமரியாதைகளும் பரம்பரைச் சொத்து. யாருக்கு என்று சண்டை வந்தால் ஊர்ப் பெரியவர்களின் கோத்சபை கூடும். கேட்டு முடிவுசெய்து, சாட்சிகளின் கையொப்பத்தோடு 'மஹ்ஸர்' எழுதிக் கொடுக்கும். ஆட்சி மாறினால் தோற்றவர் புதிய ஆட்சியிடம் போவார், பழைய மஹ்ஸர் செல்லாது என்பார். கோயில் முதல் மரியாதைக்காக நம் ஊர்களில் மூன்று தலைமுறையாக நீதிமன்றம் ஏறி இறங்கும் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆகவே 761 ஆண்டு பழைய ஒரு சண்டையின் கடைசித் தீர்ப்பு என்று இதை எடுத்துக்கொள்கிறேன். அப்படி எடுத்துக்கொண்டாலும் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. தீர்ப்பு, உரிமை யாருடையது என்று சொன்னது. அந்த உரிமை இருந்தும் அதை அனுபவிக்காமல் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதனிடம் வழியும் இல்லை.

வழக்கில் ஒருவருக்கு இரண்டு விதமான நட்டம் உண்டு. நிலம் போனது, கடன் திரும்பவில்லை, பாகம் கிடைக்கவில்லை என்பது முதல் வகை. நீதிமன்றம் அதைத்தான் விசாரிக்கிறது. விசாரிக்க எடுத்துக்கொண்ட காலம் தன்னளவில் உண்டாக்கும் நட்டம் இரண்டாவது. முதல் நட்டத்துக்கு எதிராளி பொறுப்பு. இரண்டாவதற்கு யார் பொறுப்பு, அதை எப்படி அளப்பது, யார் பணம் கொடுப்பது? கடந்த 50 ஆண்டுகளில் உலகின் சில நாடுகள் இதற்கு விடை தேடியிருக்கின்றன. ஓர் ஆண்டுத் தாமதத்துக்கு இவ்வளவு என்று தொகையே எழுதி வைத்திருக்கின்றன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஏன் வேண்டும் என்பதற்குப் புனேயே இன்னொரு சாட்சி.

நகரின் மேற்கே பாஷாண் என்ற பகுதி. ஒரு குடும்பம் அங்கே 1950-களில் சுமார் 24 ஏக்கர் நிலம் வாங்கியது. மாநில அரசு அதை எடுத்துக்கொண்டது. குடும்பம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றது. தீர்ப்பை நிறைவேற்றப் போனபோது, நிலத்தைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்றது அரசு. அந்த வழக்கில் நாங்கள் கட்சிக்காரரே இல்லை, எங்களை வெளியேற்ற முடியாது என்றது நிறுவனம். குடும்பம் மாற்று நிலம் கேட்டு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து ஆண்டாக மாற்று நிலம் தராததற்கு அரசை அந்த நீதிமன்றம் கண்டித்தது. 2004-இல் ஒருவழியாக நிலம் கொடுத்தார்கள். கொடுத்த நிலம் அறிவிக்கப்பட்ட வனப் பகுதி என்று பின்னால் தெரிந்தது. மறுபடியும் உச்ச நீதிமன்றம். 2024-இல் அரசு 37 கோடியே 42 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னபோது, நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு அது நியாயமான தொகை இல்லை என்றது. இலவசத் திட்டங்களுக்குப் பணம் இருக்கிறது, இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க இல்லையா, அத்தகைய திட்டத்தையே நிறுத்திவைப்போம் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனது.

இந்தக் கதையில் குடும்பம் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. வென்றுகொண்டே அறுபது ஆண்டு காத்திருந்தது. நிலத்தின் மதிப்பைக் கணக்கிட அரசிடம் ஒரு சூத்திரம் இருந்தது. அறுபது ஆண்டின் மதிப்பைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் இல்லை.

தாமதம் ஏன் தானாகவே வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வட்டிக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் உங்களுக்கு 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பு ஆகிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க நீதிமன்றத்தை அனுமதிப்பதில்லை. வணிகக் கொடுக்கல் வாங்கல் மட்டும் விதிவிலக்கு. அவர் மேல்முறையீடு, சீராய்வு, தடையாணை என்று 20 ஆண்டு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் 6 சதவீதத் தனிவட்டியோடு 22 லட்சம் கட்டுவார். அந்த 10 லட்சத்தை அவர் 20 ஆண்டும் 8 சதவீதக் கூட்டுவட்டியில் போட்டு வைத்திருந்தால் அது 46 லட்சத்து 60 ஆயிரமாக வளர்ந்திருக்கும். உங்களுக்குக் கொடுத்தது போக அவர் கையில் 24 லட்சத்து 60 ஆயிரம் மிச்சம். வழக்கில் தோற்றவருக்கு, வென்றவரைவிட அதிகப் பணம்.

இதைச் செய்பவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். வங்கி தராத மலிவுக் கடனை நீதிமன்றம் தருகிறது. வாய்தா வாங்குவதுதான் விண்ணப்பம். வாதியும் இதையே செய்யலாம்: இடைக்காலத் தடையாணை கையில் கிடைத்த வாதிக்கு வழக்கு முடியாமல் இருப்பதே வெற்றி. இதை நீதிபதிகள் அறியாதவர்கள் இல்லை. தடையாணையால் ஆதாயம் பெற்றவர் கடைசியில் தோற்றால் அந்த ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2003-இல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-இல் சுற்றுச்சூழல் வழக்கு ஒன்றில், வழக்கை இழுத்தடித்த நிறுவனங்கள் கூட்டுவட்டியோடு கட்ட வேண்டும் என்றே ஆணையிட்டது. ஆனால் இவை உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களுக்குக் கிடைத்த பரிகாரங்கள். தாலுகா நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவரிடம் இவை வந்து சேர்வதில்லை.

இது கட்சிக்காரர்கள் உண்டாக்கும் தாமதம். நீதிமன்றம் என்ற அமைப்பே உண்டாக்கும் தாமதம் வேறு. அதை விளக்க ஒரு தொலைபேசிக் கம்பெனிக்குப் போக வேண்டும்.

டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் அக்னர் ஏர்லாங் என்ற கணிதர் வேலை பார்த்தார். எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர்கள் அதிகம் காத்திருக்க மாட்டார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. 1909-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறை பிறந்தது. அதன் மிக எளிய சூத்திரம் நம் உள்ளுணர்வுக்கு மாறாகப் பேசும். ஒரு கவுண்ட்டரின் வேலைத்திறனில் 80 சதவீதம் பயன்பட்டால், வருகிறவர் சராசரியாக நான்கு பேருக்கு வேலை முடியும் நேரம் காத்திருப்பார். 90 சதவீதம் பயன்பட்டால் ஒன்பது பேர். 95 சதவீதத்தில் 19 பேர். 99 சதவீதத்தில் 99 பேர். வேலைப்பளு கால் பங்குகூட ஏறவில்லை, காத்திருப்பு 25 மடங்கு ஏறிவிட்டது. நூறைத் தாண்டினாலோ வரிசைக்கு முடிவே கிடையாது. நாளுக்கு நாள் நீளும், அவ்வளவுதான்.

ஒரு நீதிமன்றத்தின் காலைப் பட்டியலை இந்தக் கண்ணால் பாருங்கள். ஒரு நாளுக்கு 80 வழக்கு என்று வைப்போம். நீதிபதி இருக்கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். ஒரு வழக்குக்கு நான்கு நிமிடம் சொச்சம். ஒரே ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவே ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பெரும்பாலான வழக்குகளுக்கு வாய்தா என்பது வழக்கறிஞர் எழுந்து கேட்பதற்கு முன்பே, பட்டியல் அச்சான இரவிலேயே முடிவாகிவிட்டது. புனேயின் சிவாஜிநகர் நீதிமன்ற வராந்தாவில் நிற்பவருக்கும் சென்னையின் எழும்பூர் நீதிமன்ற வராந்தாவில் நிற்பவருக்கும் இது ஒன்றுதான். அன்று அவர் பெயர் கூப்பிடப்பட்டது, தேதி கொடுக்கப்பட்டது, வழக்கு நடக்கவில்லை.

1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிறுவிய விதி இன்னும் எளியது. நிலுவையில் இருக்கும் எண்ணிக்கையை, ஆண்டுக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 2,400 வழக்கு நிலுவை, ஆண்டுக்கு 400 முடிகிறது என்றால் ஆறு ஆண்டு. இந்தக் கணக்குக்கு வழக்கின் சிக்கலோ வழக்கறிஞரின் சாமர்த்தியமோ தேவையில்லை. வழக்குப் பதிவு செய்யும் அன்றே, உங்களுக்குச் சராசரியாக ஆறு ஆண்டு என்று வாதியிடம் சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு மிலான் நகரத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. தேசியோ கோவியெல்லோ, அந்திரேயா இகினோ, நிக்கோலா பெர்சிகோ என்ற மூன்று பொருளியலாளர்கள் அங்கே நீதிபதிகளின் கோப்புகளை ஆராய்ந்தார்கள். ஒரே நேரத்தில் நிறைய வழக்குகளைத் திறந்து வைத்திருக்கும் நீதிபதியிடம் ஒவ்வொரு வழக்கும் அதிக நாள் எடுக்கிறது என்று கண்டார்கள். அவர் உழைப்பு குறைவில்லை, வழக்குகளும் கடினமானவை அல்ல. காரணம் வெறும் எண் கணிதம். இரண்டு வழக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் விசாரணை தேவை. ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மாற்றி மாற்றி நடத்தினால் ஒன்று 19-ஆம் நாள் முடியும், இன்னொன்று 20-ஆம் நாள். சராசரி பத்தொன்பதரை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் முதலாவது 10-ஆம் நாளே முடிந்துவிடும். இரண்டாவது அதே 20-ஆம் நாள். சராசரி 15. இரண்டாம் வழக்குக்காரருக்கு ஒரு நாள்கூட நட்டமில்லை, முதல் வழக்குக்காரருக்கு ஒன்பது நாள் லாபம். நூறு வழக்குகளில் இப்படிச் செய்தால் சராசரி ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிய நீதிபதி ஒருவரையும் நியமிக்க வேண்டியதில்லை.

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது ஆணை இதைத்தான் சொல்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் வந்திருக்கும் சாட்சிகள் எல்லோரும் முடியும் வரை நாள்தோறும் நடத்த வேண்டும். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. மூன்று வாய்தா வரம்பு 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மெய்யான இடர்ப்பாடு இருந்தால் அந்த வரம்பு குறுக்கே நிற்காது என்றது. அது நியாயம்தான். வழக்கறிஞரின் தாய் இறந்த அன்றும் விசாரணை நடக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விதிவிலக்கு எங்கும் பரவி விதியைக் காணாமல் அடித்துவிட்டது.

இந்த இடத்தில், வேகமாக முடித்தால் நீதி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களைப் புனே மாவட்டத்தின் சூபே கிராமத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். 1875 மே 12, சந்தை நாள். கூடிய விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்க் கடன் பத்திரங்களையும் நீதிமன்றத் தீர்ப்பு நகல்களையும் கேட்டார்கள். வாங்கிக் கொளுத்தினார்கள். கலவரம் சுற்றுவட்டாரத்திலும் அகமதுநகர் பக்கத்திலும் பரவியது. தக்காணக் கலவரம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். அப்போது நீதிமன்றங்களில் தாமதம் பிரச்சினையாக இருக்கவில்லை. வட்டிக்காரர் பத்திரத்தை நீட்டுவார்; எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி சம்மன் புரியாமலோ பயந்தோ வரமாட்டார்; ஒருதலைத் தீர்ப்பு உடனே வந்துவிடும். 1859-இன் காலவரம்புச் சட்டம் வேறு, கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு என்று சுருக்கியிருந்தது. விவசாயியைக் காப்பாற்ற வந்த சட்டம். வட்டிக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தை அப்படியே நம்பாமல் அதன் பின்னால் இருக்கும் கணக்கு முழுவதையும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அது நீதிமன்றத்துக்குக் கட்டளையிட்டது. அதாவது, நிதானமாக விசாரி என்றது.

ஆகவே கேட்க வேண்டியது வேகத்தை அல்ல. நியாயமான காலத்தை. எது நியாயமான காலம் என்று அளக்க ஒரு முறை வகுத்தது ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 1950-இன் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 6-ஆவது உறுப்பு, நியாயமான காலத்துக்குள் விசாரணை என்பதை உரிமையாகவே எழுதியிருக்கிறது. வழக்குக்கு வழக்கு பார்த்து அந்த நீதிமன்றம் நான்கு அளவுகோல்களுக்கு வந்து சேர்ந்தது. வழக்கு எவ்வளவு சிக்கலானது? மனுதாரரே எவ்வளவு இழுத்தடித்தார்? அரசும் நீதிமன்றமும் எவ்வளவு சும்மா இருந்தன? அவருக்கு இதில் பறிபோவது என்ன? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். 80 வயதுக்காரரின் ஓய்வூதிய வழக்கும் ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கும், இரண்டு கம்பெனிகளின் தகராறு போலக் காத்திருக்க முடியாது.

ஜெர்மனியில் 1982-இல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவர் சைக்கிளில் வந்தவரோடு மோதிக் கையை உடைத்துக்கொண்டார். பெயர் சுர்மெலி. 1989-இல் காப்பீட்டுக்காக வழக்குப் போட்டார். ஸ்ட்ராஸ்பூர் 2006-இல் தீர்ப்புச் சொல்லும்போது அந்த வழக்கு 16 ஆண்டைத் தாண்டி இன்னும் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மனவேதனைக்காக 10,000 யூரோ கொடுக்கும்படி ஜெர்மனிக்கு உத்தரவு. மூல வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்று ஸ்ட்ராஸ்பூர் பார்க்கவே இல்லை. இதில்தான் இந்தச் சட்டத்தின் அழகு இருக்கிறது: வழக்கில் தோற்றவரும் தாமதத்துக்கு இழப்பீடு பெறலாம். நீ கேட்டது உனக்கு உரியதல்ல, ஆனால் அதைச் சொல்ல உன் வாழ்க்கையில் 16 ஆண்டை எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை.

இப்படிப்பட்ட முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்து ஸ்ட்ராஸ்பூரே தாமதமாகத் தொடங்கியது. 2000-இல் குட்லா என்பவர் போலந்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தாமதத்துக்கான பரிகாரத்தை ஒவ்வொரு நாடும் தன் நாட்டுக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. மறு ஆண்டே இத்தாலி பின்டோ சட்டம் என்று அழைக்கப்படும் சட்டத்தை இயற்றியது. பின்னர் திருத்திய வடிவில் அதில் எண்களே இருக்கின்றன. முதல் நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டு, மேல்முறையீட்டுக்கு இரண்டு, உச்ச நிலைக்கு ஒன்று. அதற்கு மேல் போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 400 முதல் 800 யூரோ வரை. ஜெர்மனி 2011 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் ஆண்டுக்கு 1,200 யூரோ என்று ஒரே தொகையாக வைத்தது, நியாயம் கருதி நீதிமன்றம் கூட்டிக் குறைக்கலாம்.

தொகை பெரிதல்ல. அதைவிட முக்கியம், அதை எதிராளி கொடுப்பதில்லை, அரசு கொடுக்கிறது. நீதிபதி பணியிடத்தைக் காலியாக வைப்பது இலவசமாக இருந்த வரை எந்த நிதித் துறைக்கும் அது உறைக்கவில்லை. காலியிடம் செலவுக் கணக்கில் ஏறும்போதுதான் யாரோ ஒருவர் அதைப் படிக்கிறார்.

இத்தாலியில் இது சறுக்கவும் செய்தது. பின்டோ மனுக்கள் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் குவிந்து அவற்றையே தாமதப்படுத்தின. தாமதத்துக்கான இழப்பீட்டை அரசு தாமதமாகக் கொடுத்தது. அந்தத் தாமதத்துக்காக 475 பேர் மறுபடியும் ஸ்ட்ராஸ்பூருக்குப் போய் 2010-இல் தலைக்கு 200 யூரோ வாங்கினார்கள். ஒரு நோய்க்குப் பணம் கட்டிக்கொண்டே நோயை வளர்ப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அதே நாட்டின் தூரின் நகரத்தில், நீதிமன்றத் தலைவராக இருந்த மரியோ பர்புத்தோ 2001-இல் வேறு வழி எடுத்தார். கோப்புகளை வயதுவாரியாகப் பிரித்து, பழையது முதலில் என்று நீதிபதிகளிடம் கேட்டுக்கொண்டார். ஒரு பெரிய நகரத்தின் நிலுவை கண்ணெதிரே கரைந்தது. இழப்பீடு கேட்டவர்கள் இல்லாவிட்டால் இத்தகைய முயற்சிக்கு யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் என்ன இருக்கிறது? உரிமை இருக்கிறது. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், விரைவான குற்ற விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-இல் அனிதா குஷ்வாஹா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதியை அணுகுவதே அடிப்படை உரிமை, விரைவான தீர்வு அதன் கூறு என்றது. இதில் உரிமையியல் வழக்குகளும் அடங்கும். ருதுல் ஷா என்பவர் விடுதலையான பிறகும் 14 ஆண்டு பீகார் சிறையில் கிடந்ததற்கு, 1983-இல் நீதிமன்றமே இழப்பீடு கொடுக்க வைத்தது. அரசின் தவறால் அடிப்படை உரிமை பறிபோனால் பணம் கொடுக்கலாம் என்ற கதவு நாற்பது ஆண்டுக்கு முன்பே திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக உரிமையியல் வழக்குக்காரர் மட்டும் இன்னும் நுழையவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-பி பிரிவின்படி வாய்தா வாங்கி இழுப்பவரிடம் செலவுத் தொகை வசூலிக்கலாம். அது கட்சிக்காரர் செய்த தாமதத்துக்கு. நீதிமன்றம் செய்த தாமதத்துக்கு ஒன்றும் இல்லை.

புனேவாசிகளுக்கு இதன் அநியாயம் நன்றாக உறைக்கும், ஏனென்றால் அவர்களில் ஏராளமானவர்கள் கட்டி முடிக்காத அடுக்குமாடியில் பணம் போட்டவர்கள். வீட்டைச் சொன்ன தேதியில் தராத பில்டர், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தர வேண்டும் என்கிறது 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. மகாராஷ்டிர விதிகளின்படி அது ஸ்டேட் வங்கியின் உயர்ந்த கடன் வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம். தாமதம் ஒரு நட்டம், அதற்கு மாதக் கணக்கில் விலை உண்டு, நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. செங்கல்லும் சிமென்ட்டும் தாமதமானால் வட்டி. தீர்ப்பு தாமதமானால்?

நீதிபதிகளை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். 1987-இல் சட்ட ஆணையம் தன் 120-ஆவது அறிக்கையில், பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்றது. அப்போது இருந்தது பத்து, பத்தரை. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தாலே இன்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 21 தான். கீழமை நீதிமன்றங்களில் அனுமதித்த இடங்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலி. நிலுவையோ அங்கே மட்டும் நான்கு கோடியைத் தாண்டிவிட்டது. ஏர்லாங்கின் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டிய கவுண்ட்டர் இது.

தீர்ப்புக்குப் பிறகுதான் இன்னொரு வழக்கு தொடங்குகிறது. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லைகள் தீர்ப்பு வாங்கிய பின்தான் ஆரம்பம் என்ற பொருளில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872-லேயே எழுதியது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வேதனையைச் சொல்லி, நிறைவேற்று மனுக்கள் எத்தனை நிலுவை என்று எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு: 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல். மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடம், 3 லட்சத்தைத் தாண்டி. அடுத்தது தமிழ்நாடு. இவர்கள் அத்தனை பேரும் வழக்கில் வென்றவர்கள். பலர், நீதிமன்ற அமீனா வந்து நிலத்தை அளந்து ஒப்படைக்கக் காத்திருப்பவர்கள். தாமதத்துக்கு இழப்பீடு என்று ஒரு சட்டம் வந்தால் அது முதலில் தொட வேண்டியது இவர்களைத்தான். இங்கே விசாரிக்க எதுவும் மிச்சமில்லை, சிக்கலான வழக்கு என்ற சாக்கும் இல்லை.

அப்படி ஒரு சட்டத்தை எழுதும்போது ஜெர்மனியிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தை அல்ல. அங்கே இழப்பீடு கேட்பவர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதே நீதிமன்றத்தில், இது தாமதமாகிறது என்று ஒரு முறையீடு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்து குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் இழப்பீட்டுக்கு வழக்கு. அந்த ஒற்றைத் தாளுக்குச் செலவு இல்லை. அது யாரையும் குற்றவாளி ஆக்குவதும் இல்லை. ஆனால் அதற்கு ஓர் எண்ணும் தேதியும் உண்டு. நீதிபதி அதைப் பார்த்தே ஆக வேண்டும். சில வழக்குகள் அதனாலேயே நகர்ந்துவிடும். நம் நீதிமன்றங்களுக்கான வழக்குத் தகவல் மென்பொருளை உருவாக்கியது புனேயில் இருக்கும் தேசிய தகவலியல் மையக் குழு. அதிலிருந்து தரவு பெறும் தேசிய நீதித் தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு வழக்கின் வயதும் இருக்கிறது. பல வழக்குகளுக்கு, ஏன் நிற்கிறது என்ற காரணமும் பதிவாகிறது: வழக்கறிஞர் வரவில்லை, சாட்சி வரவில்லை, மேல் நீதிமன்றத் தடை. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும், வழக்குக்காரர் தன் கையால் நிரப்ப: இன்ன தேதியில் முறையிட்டேன்.